ஐகிடோ வகுப்பில் முதல் மாதம்: இன்னும் நடக்கத்தான் பழகுகிறேன்

வணக்கம் மக்களே. இப்போதுதான் வகுப்பு முடிந்து வந்தேன், தலை ஈரம்கூடக் காயவில்லை, ஆனால் இன்றைக்கு ஒரு விஷயம் பிடிபட்டது, அது மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கேமராவைப் போட்டுவிட்டேன்.

ஐகிடோ என்கிற ஜப்பானியத் தற்காப்புக் கலை கற்றுத்தரும் கிளப்பில் சேர்ந்ததைச் சொன்னதிலிருந்து, யாரையாவது தூக்கிப் போட்டாயா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, நான்கு வாரம், மொத்தம் எட்டு வகுப்பு. அதில் பாதி நேரம் கால் வைக்கப் பழகியதிலேயே போனது, மீதி நேரம் அடிபடாமல் விழுவதற்கு, அதாவது உகெமிக்கு. எனக்கு இதில் துளியும் வருத்தம் இல்லை.

முதல் நாள் சொல்லிக் கொடுத்தது ஹன்மி, நிற்கும் நிலை. ஒரு கால் முன்னே, நேராகப் பார்த்தபடி. இன்னொரு கால் பின்னே, வெளிப்பக்கமாகத் திரும்பியபடி. மேலிருந்து பார்த்தால் இரண்டு பாதமும் சேர்ந்து ஒரு முக்கோணம் மாதிரி தெரியும். முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும், குதிகாலில் கனம் உட்காரக் கூடாது. கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். இரண்டு நிமிடம் அப்படியே நின்று பாருங்கள், தொடை பேச ஆரம்பித்துவிடும்.

அப்புறம் நடை. சாதாரணமாக நடப்பதுபோல இடது, வலது என்று மாற்றி வைத்தால் ஆயுமி-அஷி. முன்கால் முன்னே போக, பின்கால் அதைத் தாண்டாமல் பின்னாலேயே வந்து சேர்ந்தால் சுகி-அஷி. பெயர்கள் கிளப்புக்குக் கிளப்பு கொஞ்சம் மாறும், அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். முக்கியமான விஷயம், காலைத் தூக்கி வைக்காமல் பயிற்சிப் பாயின் மேல் வழுக்கிக்கொண்டு போவது. எங்கள் சென்செய், அதாவது ஆசிரியர், இதைக் காதாலேயே கண்டுபிடிக்கிறார். பழகியவர்கள் நடந்தால் சர்... சர்... என்று துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும், நான் நடந்தால் தொம் தொம் என்று கேட்டது. தொம் என்று கேட்டால் கால் தரையை விட்டு மேலே போய்விட்டுக் கீழே விழுகிறது என்று அர்த்தம், அந்தக் கால் அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் யாராவது லேசாகத் தள்ளினாலே போதும். மூன்றாவது வகுப்பில்தான் என் சத்தம் குறைந்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, இன்றைக்கு நடந்ததுக்கு வருகிறேன். டென்கன், அதாவது ஒரு காலில் சுழன்று திரும்புவது. வலது கால் முன்னே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலின் முன்பாதத்தில் சுழன்று, இடது காலை முதுகுக்குப் பின்னால் வட்டமாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். முடிவில் நீங்கள் 180 டிகிரி திரும்பியிருப்பீர்கள், வலது கால்தான் இப்போதும் முன்னே இருக்கும். தனியாகச் செய்தபோது ஓரளவு வந்தது. அப்புறம் பார்ட்னர் வந்தார், என்னைவிட நல்ல கனம், என் வலது மணிக்கட்டை அவருடைய இடது கையால் கெட்டியாகப் பிடித்தார். நான் கையை இழுத்தேன், வரவில்லை. தள்ளினேன், அசையவில்லை. தோள் இறுகிப்போனது, கால் நின்ற இடத்திலேயே நின்றது.

சென்செய் வந்து, "கையை அவரிடமே கொடுத்துவிடு, நீ போ" என்றார். பிடிபட்ட கையை அப்படியே விட்டுவிட்டு, முன்காலை அவருடைய முன்காலுக்கு வெளிப்பக்கமாக வழுக்கி வைத்துத் திரும்பினேன். அவ்வளவுதான், நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து நிற்கிறோம்! என் கை என் வயிற்றுக்கு முன்னால், உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கிறது, அவர் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் அந்தப் பிடியில் இப்போது பலம் இல்லை, அவர் உடம்பே கொஞ்சம் முன்னால் சாய்ந்துவிட்டது. அவர் பிடித்திருந்த புள்ளியை நான் நகர்த்தவே இல்லை, என் உடம்பைத்தான் அதைச் சுற்றி நகர்த்தினேன். எட்டு வகுப்பாக "கால், கால்" என்று ஏன் சொன்னார்கள் என்பது அந்த நொடியில்தான் புரிந்தது.

இந்தக் கலையை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபா, 1883இல் பிறந்து 1969இல் மறைந்தவர், டைட்டோ-ரியூ ஜுஜுட்சு என்கிற பழைய ஜப்பானியத் தற்காப்பு முறையைக் கற்றவர், வாளிலும் நிறையப் பயிற்சி செய்தவர். ஐகிடோ என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1942இல். வாள் வரும் கோட்டிலிருந்து உடம்பை விலக்கி நிற்கும் பழக்கம் வெறுங்கைப் பயிற்சியிலும் அப்படியே இருக்கிறது. பெரும்பாலான கிளப்புகளில் போட்டியும் கிடையாது, ஒருவர் தாக்குவார், இன்னொருவர் செய்வார், அப்புறம் மாற்றிக்கொள்வோம். அதனால்தான் அந்த பார்ட்னர் எனக்காகப் பத்துப் பதினைந்து தடவை பொறுமையாகப் பிடித்துக் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்லாமல் நான் எப்படி இருப்பது?

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், டென்கனில் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பாதீர்கள். பாதம் நின்றுவிடும், உடம்பு திரும்பிவிடும், நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். எனக்கு இரண்டாவது வாரம் வலது முழங்காலில் உள்பக்கம் வலித்தது இதனால்தான். உடனே சென்செய்யிடம் சொன்னேன், இரண்டு நாள் ஓய்வு கொடுத்தேன், சரியானது. வலியை மறைத்துக்கொண்டு செய்யவே வேண்டாம்.

வீட்டில் தரையில் நீளமாக ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன், இதோ தெரிகிறதா? இதன் மேல் தினமும் பத்து நிமிடம், வலப்பக்கம் இருபது டென்கன், இடப்பக்கம் இருபது. திரும்பி முடித்ததும் முன்கால் டேப்பின் மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் இன்னும் ஒரு சாண் தள்ளித்தான் விழுகிறது.