"அவுக ஐயா பேருதான்"

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், இந்த நேரத்திலும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்மக்களுக்கும் வணக்கம். "பிள்ளையின் பெயருக்கு நடுவில் மறைந்தவர் பெயரைச் சேர்ப்பது அன்பா, சுமையா?" அன்புதான் என்று பேச வந்திருக்கிறேன். தலைப்புக்கு அப்புறம் வருகிறேன். முதலில் என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பத்தா தன் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்கள் யாருமே சொல்ல மாட்டார்கள், ஆனால் அப்பத்தா ஒரு படி மேலே. எங்கள் ஐயா பெயர் வெள்ளைச்சாமி. அதனால் "வெள்ளை" என்கிற சொல்லே அப்பத்தா வாயில் வராது. வெள்ளாடு அவருக்கு "மத்த ஆடு". வெள்ளிக்கிழமை "வியாழனுக்கு மறுநா". வெள்ளரிக்காய்க்காரர் தெருவில் வந்தால் கூடையைக் கைகாட்டி, "அந்தப் பிஞ்சு என்ன வெல?" என்று கேட்பார். "சாமி கும்பிடப் போறேன்" என்றும் சொல்ல முடியாது இல்லையா, அதிலும் பாதிப் பெயர் இருக்கிறதே, அதனால் "கோயில் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஐயா இறந்த மறு வருஷம் என் தம்பி பிறந்தான். அப்பா யோசிக்கவே இல்லை, வெள்ளைச்சாமி என்று வைத்துவிட்டார். அம்மாவுக்கும் அது மாமனார் பெயர், சொல்லக் கூடாது. ஆக, வீட்டில் இருந்த இரண்டு பெண்களுமே அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது! அவனை "ஐயா" என்றார்கள். மூன்று வயதுப் பயல் உடம்பெல்லாம் புழுதியோடு தெருவில் புரண்டுகொண்டிருப்பான், அம்மா வாசலில் நின்று "ஐயா, சாப்பிட வாங்க" என்று அழைப்பார்.

சரி, பயலுக்கு அஞ்சு வயசாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் வயலில். அப்பத்தாதான் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன், அதனால்தான் இதைக் கண்ணால் பார்த்தவளாகச் சொல்கிறேன். வாத்தியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பையன் பேரு என்னம்மா?" என்றார்.

"அவுக ஐயா பேருதான்."

"அவுக ஐயா பேரு என்ன?"

"இவன் பேருதான்."

வாத்தியார் பேனாவை மூடிவிட்டார். அப்புறம் மனசு கேட்காமல் மறுபடியும் திறந்து, "சரிம்மா, உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க" என்றார். அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதத்தானே இம்புட்டு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

கடைசியில் அப்பத்தாவே இறங்கி வந்து சுவரைக் காட்டினார். "இது என்ன நெறம்?" வாத்தியார், "சுண்ணாம்பு அடிச்சிருக்கும்மா" என்றார். "சுண்ணாம்பு என்ன நெறம்?" "வெள்ளை." "ஆங்! அத எழுதுங்க. இப்ப கோயில்ல இருக்கிறது யாரு?" "ஐயனாரு." "அவர எப்படிக் கும்புடுவீக?" "கையெடுத்துத்தான்." இப்படியே போய்க்கொண்டிருக்கிறது, வெளியே வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், அதுவரைக்கும் வாயே திறக்காமல் இருந்த பயல் ஓங்கிக் கத்தினான், "சார், எம் பேரு வெள்ளைச்சாமி!" அப்பத்தா பதறிப்போய் வாயைப் பொத்தினார். அவன் வாயை இல்லை, தன் வாயை.

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி முடிந்ததும் இந்தக் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் வாத்தியார் கேட்கிற கேள்வியில் ஒன்று கூடும். கேட்டுக் கேட்டு அப்பத்தாவே முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

இப்போது எதிரணி நண்பரிடம் வருகிறேன். அவர் ஒரு போடு போட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "செத்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறீர்களே, நீங்கள் பிள்ளை பெற்றீர்களா, நடுகல் நட்டீர்களா?" என்று கேட்டார். ஐயா, செத்தவர் நினைவாக நடுகிற கல், அந்த நடுகல் என்றால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா? நம்முடைய தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006இல் அங்கே நடுகற்கள் கிடைத்தன, அதில் ஒன்றில் தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்தில் இருக்கிறது: கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனின் கல். ஆகோள் என்றால் மாட்டு மந்தையைக் கவர்கிற சண்டை. அந்தவன் ராஜா இல்லை, படை நடத்தியவன் என்றும் கல்லில் இல்லை, மாட்டுச் சண்டையில் செத்துப்போன ஒரு ஊர்க்காரன். அவன் பெயர் போய்விடக் கூடாதே என்று யாரோ உட்கார்ந்து உளியால் அடித்திருக்கிறார்கள் பாருங்கள், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் இன்றைக்கு இந்த மேடையில் அவன் பெயரைச் சொல்கிறோம்! நடுகல்லைப் பற்றி அகநானூற்றுப் பாட்டு "பெயரும் பீடும் எழுதி" என்கிறது. முதலில் பெயர், அப்புறம்தான் பெருமை. அந்த வரிசையைக் கவனியுங்கள்.

ஆனால் நண்பரே, நடுகல்லுக்கும் பிள்ளைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கல் காட்டுக்குள்ளே நிற்கும். அதில் ஆடு முதுகைத் தேய்க்கும். வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் வைத்தால் உண்டு. அதை யாராவது சாயங்காலம் ஆனதும் "சாப்பிட வா" என்று கூப்பிடுவார்களா? "வீட்டுப்பாடம் எழுதினியா" என்று திட்டுவார்களா? பிள்ளைக்கு வைத்த பெயரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறோம், கொஞ்சுகிறோம், கோபப்படுகிறோம். அந்தப் பெயர் வெயிலில் ஓடுகிறது, முட்டியில் சிராய்ப்போடு வீட்டுக்கு வருகிறது. நீங்கள் கேலியாகச் சொன்ன நடுகல், இங்கே கை கால் முளைத்து நடக்கிறது ஐயா!

பேரன் என்கிற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். நற்றிணையின் 40ஆம் பாட்டில், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் மனைவியைப் பார்க்க ராத்திரியில் கள்ளன் போலப் பதுங்கி வருகிறான் ஒருவன். எதற்கு வந்தான்? "சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே." தன் அப்பா பெயரைச் சுமக்க ஒரு மகன் பிறந்துவிட்டானாம், வராமல் எப்படி இருப்பான்?

சுமை என்றார்கள், அதற்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு உங்களுக்குப் பிடித்த புதுப்பெயரை வையுங்கள், யாரும் தடுக்கவில்லை. நாங்கள் கேட்பது நடுவில் ஓர் இடம். அவசரமும் இல்லை, பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரைக்கும் கட்டணம் கிடையாது. உட்கார்ந்து, அழுது, யோசித்து வைக்கலாம்.

அழுது என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், அந்த வெள்ளைச்சாமி இப்போது இல்லை. என் தம்பி. 26 வயதில், ராத்திரி வண்டியில் போனவன் திரும்பவில்லை. அவனைக் கொண்டுவந்து கிடத்தினபோது, 60 வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லாத என் அப்பத்தா, ஊரே பார்க்க நெஞ்சில் அடித்துக்கொண்டு "வெள்ளைச்சாமீ" என்று கத்தினார். எந்த வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரையும் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் பழையபடி வாயை மூடிக்கொண்டார். வீட்டில் அந்தப் பள்ளிக்கூடக் கதையை எடுப்பதையும் எல்லோரும் விட்டுவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். தலைப்பிள்ளை, முறைப்படி என் வீட்டுக்காரர் பக்கத்துப் பெயர்தான் வைக்க வேண்டும். நானும் எதுவும் கேட்கவில்லை. என் மாமியார்தான் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "முன்னால உங்களுக்குப் பிடிச்ச பேர வையுங்க. நடுவுல உன் தம்பிக்கு ஒரு எடம் விடும்மா" என்றார். இந்த மேடையில் எத்தனை பேர் அன்பைப் பற்றிப் பேசினோம், எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதுவும் தெரியவில்லை. யாழினி வெள்ளையம்மாள் என்று வைத்தோம்.

காதுகுத்து வந்தது. உங்களுக்குத் தெரியும், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆசாரி ஊசியோடு நிமிர்ந்து, "மாமன் மடி யாருங்க?" என்று கேட்டார். பந்தலில் ஒரு சத்தம் இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்பத்தா எழுந்து வந்தார், 83 வயசு, ஒருவர் கையைப் பிடிக்காமல் எழுந்து வந்து, மனையில் உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஊசி பட்டதும் அது வீறிட்டது.

"அழுவாத வெள்ளையம்மா" என்றார் அப்பத்தா. "அழுவாத தாயி."

வெள்ளையம்மா என்று முழுசாகச் சொன்னார், நடுவர் அவர்களே. அன்றையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். சாயங்காலம் ஆனால் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி "வெள்ளையம்மா, ஏ வெள்ளையம்மா" என்று கூப்பிடுவார். பிள்ளை அவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும்.