டிரங்குப் பெட்டிக்குள் நம் ஊர்

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டார முன்னாள் தோட்ட மக்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அம்மாமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

சுங்கை சிப்புட் என்றதும் வெளியூர்க்காரர்கள் இரண்டு செய்தி சொல்வார்கள். 1948 ஜூன் 16-இல் இங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலம் பிறந்தது என்பார்கள். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த ஜூன் மாதத்திலும் விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து, உளியும் வாளியுமாகக் கித்தா காட்டுக்கு, அதாவது ரப்பர் காட்டுக்குப் போனார்களே, அவர்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள்? ஆபீஸ் கணக்கு எத்தனை ராத்தல் ரப்பர்ப் பால் என்று எழுதி வைத்தது. பால் எடுத்தவர் என்ன நினைத்தார் என்பது நம் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.

முதலில் கடிதங்கள். நம் பெட்டிகளில் இருப்பவை ஊரிலிருந்து வந்தவை. நம் தாத்தாக்கள் எழுதியவை கடலுக்கு அந்தப் பக்கம், நாமக்கல்லிலோ திருச்சியிலோ ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும். ஆக, நம்மிடம் இருப்பது பாதிப் பேச்சுதான். அங்கே உறவு விட்டுப்போகாதவர்கள் இந்த வருஷமே விசாரியுங்கள். இன்னொன்று, எழுதத் தெரியாதவர்களுக்குத் தோட்டத்து எழுத்தரான கிராணியோ பள்ளி வாத்தியாரோ எழுதிக் கொடுத்தார்கள். வேலையாட்களை மேய்க்கும் கங்காணி அடித்ததை அவர்கள் மூலம் எழுத முடிந்திருக்குமா? கடிதத்தில் இல்லாததையும் கவனித்துப் படிக்க வேண்டும். சில குடும்பக் கட்டுகளில் 1942 முதல் 1945 வரை ஒரு கடிதம்கூட இருக்காது. ஜப்பான்காரன் காலத்தில் இந்தியாவுக்குத் தபால் கிடையாது. அந்த இடைவெளியில்தான் சயாமில், அதாவது தாய்லாந்தில், ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடித்துப் போனார்கள். போனவன் திரும்பவில்லை என்று ஊருக்குச் சொல்லவும் வழியில்லை.

படங்களுக்கு வருகிறேன். 1948-இல் அவசரகாலப் பதிவுக்காகப் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தார்கள். பல வீடுகளில் பாட்டியின் பழைய முகம் என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஸ்டூடியோ படம் எடுத்தவர்களும் உண்டு. ஒரு பாட்டியிடம் அப்படி ஒரு படத்தைக் காட்டினேன். கல்யாணமான புதிதில் எடுத்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கழுத்துச் சங்கிலியைத் தொட்டார். "இது என்னுது இல்ல ஐயா, பக்கத்து வீட்டு அக்காவோடது. எங்க லயத்துல யார் படம் எடுத்தாலும் இதைத்தான் போட்டுக்குவோம்" என்றார். லயம் என்ற ஒரே வரிசை வீட்டில் வாழ்ந்த பெண்கள் ஒருவருக்கொருவர் எப்படி இருந்தார்கள் என்பதை இதைவிட எந்த ஆய்வு எனக்குச் சொல்லிவிடும்? அவர் சொல்லாவிட்டால் அந்தப் படத்தில் இருப்பது வெறும் நகை.

அதனால்தான் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேட்டி எடுங்கள் என்கிறேன். "அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்பதோடு பேச்சு முடியும். ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டது யார், கொம்யூனிஸ் காலம் என்கிற அவசரகாலத்தில் குடியிருப்பைச் சுற்றிப் போட்ட கம்பிவேலிக்குள் எப்போது போனீர்கள், தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது யார் யார் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். வருஷம் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் அவர்தான் பதில் சொல்வார். சாதிச் சண்டை, கள்ளுக்கடை விவகாரம் வரும். வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடக் கூடாது. அந்த வாக்கை மீறினால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ரசீது இருந்தால் அதையும் எறியாதீர்கள். தோட்டத்தை விற்கவிடாமல் நாமே வாங்கலாம் என்று கூலியில் பிடித்துக் கட்டிய காசு அது.

படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா வேண்டாம். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், ஸ்கேன் செய்த கோப்பைத் தனியாக வையுங்கள்.

வரும் ஞாயிறு காலை இதே மண்டபத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருப்போம். கொண்டு வரும் படத்தை அங்கேயே நகல் எடுத்து உங்கள் கையில் திருப்பித் தருவோம். படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாதவர்கள் பெயரை இப்போதே இந்தத் தம்பிகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், வீட்டுக்கே வருகிறோம்.