காற்றும் வெயிலும் கூடக் கூட ரிசர்வ் எவ்வளவு வேண்டும்?

(திரையில்: 50.00 ஹெர்ட்ஸ் காட்டும் மீட்டர்)

இந்த எண்ணைக் கவனியுங்கள். இதுதான் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்ற கணக்கு. மின் உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்கும்வரை இது அசையாது, உற்பத்தி குறைந்தால் உடனே இறங்கும். அப்போது கைகொடுக்கத் தயாராக வைத்திருக்கும் திறனைத்தான் ரிசர்வ் என்கிறோம்.

பிரிட்டன், 2019 ஆகஸ்ட் 9, மாலை 5 மணிக்குச் சற்று முன். மின்பாதை ஒன்றை மின்னல் தாக்குகிறது. ஹார்ன்சீ கடல் காற்றாலையில் 737 மெகாவாட் போகிறது, கிட்டத்தட்ட அதே நேரத்தில் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையமும் தடுமாறுகிறது, போதாக்குறைக்கு ஆங்காங்கே இருந்த சின்னச் சின்ன உற்பத்தி நிலையங்களும் தாமாகவே விலகிவிடுகின்றன.

(திரையில்: மீட்டர் 48.8-க்கு இறங்குகிறது)

கையில் இருந்த ரிசர்வ் சுமார் 1,000 மெகாவாட். போனதோ அதைவிட மிக அதிகம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தானியங்கி ரிலேக்கள் (தாமாகவே இணைப்பைத் துண்டிக்கும் கருவிகள்) துண்டித்த பிறகுதான் கிரிட், அதாவது நாட்டின் மின்வலையமைப்பு, தப்பியது.

இருப்பதிலேயே பெரிய யூனிட் நின்றால் எவ்வளவு போகுமோ அவ்வளவு ரிசர்வ் போதும் என்பது பழைய கணக்கு. சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகும்போது பெரிய தலைவலி முன்கணிப்புப் பிழைதான்: மதியம் 2 மணிக்கு வரும் என்று கணித்த மேகக்கூட்டம் 1 மணிக்கே வந்துவிட்டால் ஆயிரக்கணக்கான பேனல்கள் ஒன்றாக இறங்கும். அதே பேனல்களுக்காக நள்ளிரவில் ரிசர்வ் வைக்கவே வேண்டாம். அதனால் வருடம் முழுக்க ஒரே அளவு என்பது என் பார்வையில் வீண்செலவு, ஆபத்தும்கூட. மணிக்கு மணி, அன்றைய வானிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், வேகம். அனல், நீர் மின் நிலையங்களில் சுழலும் கனமான ரோட்டார்கள், ஏதாவது கோளாறு வந்தால் அதிர்வெண் சட்டென்று விழாமல் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். பேனலின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டர் வழியாக வரும் சூரிய மின்சாரத்தில் அந்தச் சுழற்சி இல்லை. அது கூடும்போது அதிர்வெண் இன்னும் வேகமாகச் சரியும், ரிசர்வும் ஒரு நொடிக்குள் வந்து சேர வேண்டும். பேட்டரி இங்கேதான் கெட்டி. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017-ல் வந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி, 100 மெகாவாட்டில், இந்த வேலையைத்தான் செய்து காட்டியது. ஆனால் பேட்டரி நெடுநேரம் தாங்காது, அதற்குள் நீர்மின் நிலையமோ எரிவாயு டர்பைனோ பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

காற்றாலை எவ்வளவோ அவ்வளவு அனல் நிலையமும் பின்னால் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பரந்த நிலப்பரப்பில் காற்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நின்றுவிடுவது அரிது, ஓரிடத்துக் குறையை இன்னோரிடம் ஓரளவு ஈடுகட்டும். காற்றாலையையே முழுத் திறனுக்குக் கொஞ்சம் கீழே ஓட்டினால், அந்த மிச்சமும் ரிசர்வ்தான்.