வடிகட்டிக் கொடுத்த ஓட்டு

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணியில் பேசிய ஐயா என்ன சொல்லிவிட்டுப் போனார்? 2014-இல் ஹாங்காங் மாணவர்கள் 79 நாள் சாலையில் உட்கார்ந்தார்கள், பிழைப்பு கெட்டது, கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை, அரசு கொடுத்த ஓட்டையாவது வாங்கி வைத்திருக்கலாம் என்றார். சரி. அது எப்படிப்பட்ட ஓட்டு என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று பெய்ஜிங்கில் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழு ஒரு முடிவை அறிவித்தது. 2017-இல் ஹாங்காங் அரசின் தலைவரான தலைமை நிர்வாகியை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒருவர் வேட்பாளராக நிற்க வேண்டுமானால் 1,200 பேர் கொண்ட நியமனக் குழுவில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், அதிலும் இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். அந்தக் குழுவுக்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்ட பழைய குழுவில் பெரும்பாலோர் பெய்ஜிங் பக்கம் சாய்ந்தவர்கள். அதே குழுவில் 689 ஓட்டு வாங்கித்தான் 2012-இல் லியுங் சுன்-யிங் பதவிக்கு வந்தார். எழுபது லட்சம் பேர் வாழும் ஊருக்கு 689 ஓட்டில் ஒரு தலைவர்! யார் யார் நிற்கலாம் என்பதை அவர்கள் முடிவு செய்துவிட்டு, மிச்சத்துக்கு நீ முத்திரை குத்து என்றால், அதற்குப் பெயர் வாக்குரிமையா? இந்தக் கேள்வியைக் கேட்டதுதான் அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம்.

செப்டம்பர் 22-இல் வகுப்புப் புறக்கணிப்பு தொடங்கியது. 28-ஆம் தேதி போலீஸ் 87 கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. மிளகுத் தூள் நீரைத் தடுக்க மாணவர்கள் கையில் இருந்தது மடக்குக் குடை. கண்ணைச் சுற்றி, சாப்பாடு மூடி வைக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள்.

அது கலகக் கூட்டம் என்கிறீர்களே, அவர்கள் உட்கார்ந்திருந்த அட்மிரால்டி பகுதியில், நெடுஞ்சாலை நடுவில் என்ன இருந்தது தெரியுமா? மரப்பலகையில் அடித்த மேசைகள், மேலே விளக்கு, அதன் கீழே பாடப்புத்தகம் விரித்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். மறுநாள் வகுப்புக்கு வீட்டுப்பாடம்! குப்பையை அவர்களே பிரித்து மூட்டை கட்டினார்கள், சாலைத் தடுப்புச் சுவரைத் தாண்ட முடியாதவர்களுக்கு மரப்படி செய்து வைத்தார்கள், தடுப்புகளில் 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே மனசு கலங்கிவிடும்.

டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வருமானம் போனது, மறுக்க மாட்டேன். நவம்பரில் சிலர் சட்டமன்றக் கட்டடத்தின் கண்ணாடியை உடைத்ததும் தப்புதான். ஆனால் அந்தச் சிலரை வைத்து 79 நாளையும் எடை போடாதீர்கள்.

அப்புறம், இன்னொன்று. எல்லாரும் தடையில்லாமல் ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று லியுங்கே வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் சொன்னார்: மாதம் 1,800 அமெரிக்க டாலருக்குக் கீழே சம்பாதிப்பவர்கள்தான் பாதிப் பேர், அரசியல் அவர்கள் பக்கம் போய்விடுமாம். ஏழை சொல்வதைக் கேட்க வேண்டி வருமே என்பதுதான் பயம், இதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அடுத்த நாளே, அக்டோபர் 21-இல், கறுப்புச் சட்டை போட்ட ஐந்து மாணவர்கள் அப்போது அரசின் தலைமைச் செயலாளராக இருந்த கேரி லாம் உள்ளிட்ட அதிகாரிகளுக்கு நேரெதிரே உட்கார்ந்து பேசியதைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது.

2015 ஜூனில், பெய்ஜிங் சொன்ன அந்தத் தேர்தல் திட்டம் ஹாங்காங் சட்டமன்றத்துக்கு வந்தபோது ஆதரவு 8, எதிர்ப்பு 28; திட்டம் தோற்றது. 2021-இல் சட்டமன்றத்தில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்களைப் பெய்ஜிங் 70-இல் 35 என்பதிலிருந்து 90-இல் 20 ஆகக் குறைத்தார்களே, இருந்ததும் போயிற்றே என்று ஐயா வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரே அறிவிப்பில் அதைப் பிடுங்க முடிந்தவர்களுக்கு, 2014-இல் கொடுக்கிறேன் என்ற ஓட்டைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நடுவர் அவர்களே, எதிரணியிடம் ஒரு பதில் மட்டும் வாங்கித் தாருங்கள். சீட்டில் மூன்று பெயர், மூன்றுமே அந்த 1,200 பேர் எழுதிக் கொடுத்தது, மூன்று பேருமே உங்களுக்கு வேண்டாதவர்கள். நீங்கள் யாருக்குப் போட்டிருப்பீர்கள்?