கருவாடு கூடக் கிடைக்காது

நடுவர் அவர்களே, காசிமேட்டுச் சொந்தங்களே, வணக்கம். 'நுண்கடன் நிறுவனங்களை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு வளர்க்கிறதா, முடக்குகிறதா?' ஏழை வீடுகளுக்கு அடமானம் இல்லாமல் சிறு கடன் கொடுக்கிற இந்த நிறுவனங்களை அது வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஆந்திராவைக் காட்டினார். 2010 அக்டோபரில் அங்கே மாநில அரசு நுண்கடன் நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட அவசரச் சட்டம் கொண்டுவந்தது, வசூல் படுத்துவிட்டது என்றார். உண்மைதான். ஆனால் ஐயா, அந்தச் சட்டம் ஏன் வந்தது? ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. இங்கே தவணை கட்ட அங்கே வாங்கினார்கள். தற்கொலைகள் நடந்தன. அப்புறம்தான் அரசு தடியை எடுத்தது. நுண்கடன் சிக்கலை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழுவின் அறிக்கையும், இந்த நிறுவனங்களுக்கென்று ரிசர்வ் வங்கி வகுத்த தனி விதிகளும் 2011-ல்தான் வந்தன. முன்பே வந்திருந்தால் தடிக்கு வேலை இருந்திருக்காது.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருகிறேன். மீன் விற்கிற ஒரு அக்கா வீட்டில் மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் வந்த விதிப்படி, அந்த வீட்டின் கடன் தவணை எல்லாம் சேர்ந்து 9,000-ஐத் தாண்டக் கூடாது. இது அக்காவுக்கு மட்டுமா நல்லது? கொடுத்தவன் பணமும் திரும்பி வருமே! தண்டல்காரரிடம் வாங்கிய கடன் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது, அதனால் இந்தக் கணக்கில் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: வாரமா, மாதமா என்பதை வாங்குபவரின் தேவைக்கேற்ப நெகிழ்த்திக் கொடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது வாராவாரம் வாசலில் வந்து நின்றால் கருவாடு கூடக் கிடைக்காது!

'விட்டுவிடுங்கள், போட்டியே வட்டியைக் குறைக்கும்' என்றார் எதிரணித் தங்கை. விட்டும் பார்த்தார்களே, அம்மா! 2022-ல் வட்டிக்கான உச்சவரம்பை நீக்கினார்கள். 2024 அக்டோபரில், அளவுக்கு மீறி வட்டி வாங்கியதைக் காட்டி 4 நிறுவனங்கள் புதுக்கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே தடை போட்டது. அதில் 2 நுண்கடன் நிறுவனங்கள். கடைக்குப் பூட்டு விழவைத்தது விதியா, விதியை விட்டதா?

கடைசியாக ஒன்று. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குப் போன் போடக் கூடாது என்பதை இடைஞ்சல் என்கிறார்கள். விடியற்காலை ஏலத்தில் கூடையோடு நிற்கிற அக்காவுக்குப் போன் போட்டு இதுவரை எவ்வளவு வசூலித்தார்கள்? அடுத்து வருபவர் அதைச் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்காருகிறேன்.