அனுப்பும் செலவு யார் தலையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பொருளின் விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வாங்கியவர், அதை அனுப்பிவைக்க ஆன செலவுக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார். இணைய வணிகத்தில் இது அன்றாடக் காட்சி. பழைய புத்தகங்களை இணையத்தில் வாங்கவும் விற்கவும் செய்கிறவன் நான். ஆகவே இந்த வழக்கில் இரண்டு கூண்டுகளிலும் ஏறி நின்றிருக்கிறேன். இரு தரப்பு வாதமும் எனக்கு மனப்பாடம்.

சண்டையைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு. அஞ்சலகம் வாங்கிய தொகை பல சமயம் அதிலேயே அச்சாகியிருக்கும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வாங்கியவர் அதைப் படித்துவிடுவார். “நூறு கட்டினேன், சீட்டில் அறுபதுதானே போட்டிருக்கிறது? மீதி நாற்பது எங்கே?” என்று உடனே ஒரு செய்தி போகும். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

விற்றவரின் மேசைக்குப் போனால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். புத்தகத்தின் நான்கு முனைகளும் மடங்காமல் இருக்க அட்டைத் துண்டை மடித்து மூலைக்கு மூலை செருக வேண்டும். ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் காற்றுக் குமிழ்த் தாள், பிறகு நெளி அட்டைப் பெட்டி. உள்ளே இடைவெளி இருந்தால் புத்தகம் ஆடும், ஆடினால் முதுகு பிரியும். அதனால் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். விளிம்பெல்லாம் டேப். இவ்வளவும் முடிந்த பிறகு வரிசையில் நிற்கும் நேரம். சீட்டில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை. இதற்கு மேல், விற்பனைத் தளம் அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்துக் கமிஷன் பிடிக்கிறது.

இந்தக் கமிஷனுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஈபே என்ற இணைய ஏல, விற்பனைத் தளத்தில் ஒரு காலத்தில் பொருளின் விலைக்கு மட்டும்தான் கமிஷன். அஞ்சல் கட்டணத்துக்குக் கிடையாது. விட்டுவைப்பார்களா? பொருளின் விலையை ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்து, அனுப்பும் செலவை வானத்துக்கு ஏற்றிவிட்ட விற்பனையாளர்கள் அங்கே பலர் இருந்தார்கள். தளத்துக்குப் பங்கு போகாது, தேடலில் விலை குறைவாகவும் தெரியும். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈபே தன் விதியை மாற்றி, அஞ்சல் கட்டணத்தையும் கூட்டிய மொத்தத் தொகைக்குக் கமிஷன் கணக்கிடத் தொடங்கியது. தந்திரக்காரர்களுக்குப் போட்ட அந்தச் சுமையை, அஞ்சல் கட்டணத்தை உள்ளது உள்ளபடி வசூலித்த விற்பனையாளர்களும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

தந்திரம் ஏன் பலித்தது என்பதற்குத் தன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. அவர்கள் ஈபேயில் இசைக் குறுந்தட்டுகளையும் வீடியோ விளையாட்டுகளையும் ஏலத்துக்கு விட்டார்கள். ஒரு ஏலத்தில் ஆரம்ப விலை 4 டாலர், அனுப்பும் செலவு கிடையாது. மற்றொன்றில் ஆரம்ப விலை 1 சென்ட், அனுப்பும் செலவு 3 டாலர் 99 சென்ட். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டாவது ஏலத்துக்குத்தான் ஆட்கள் அதிகம் வந்தார்கள், சீக்கிரமும் வந்தார்கள், கடைசியில் விற்றவருக்குக் கிடைத்த பணமும் அதிகம். விலையைப் பார்க்கும்போது நாம் கூட்டிப் பார்ப்பதில்லை. பொருள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கூட்டிப் பார்க்கிறோம். அப்போது கோபம் வருகிறது.

சரி, தீர்ப்பு என்ன? நானாக வைத்துக்கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்தச் செலவுக்குக் காரணமான முடிவை எடுத்தவர் யார் என்று பார்ப்பேன். எடுத்தவர் தலையில் செலவு. பேக்கிங் பொருளுக்கான நியாயமான தொகையை அனுப்பும் செலவில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்வேன், ஏனென்றால் பொருள் பயணம் போவதே வாங்குபவர் கேட்டதால்தான். அந்தத் தளத்தில் கடை போடுவது என்பது விற்பவர் எடுத்த முடிவு. ஆகவே கமிஷனை அவர் பொருளின் விலையில் வைத்துக்கொள்ள வேண்டும். அஞ்சல் கட்டணம் என்ற பெயரில் அதை வாங்குவது முறையில்லை.

பெட்டியின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கூரியர் நிறுவனங்கள் தராசை மட்டும் நம்புவதில்லை. விமானத்திலும் வண்டியிலும் இடம்தான் முதலில் தீர்ந்துபோகிறது. எனவே நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பன்னாட்டு நிறுவனங்கள் பல அதை 5000ஆல் வகுக்கின்றன. வருவது கொள்ளளவு எடை. இதற்கும் உண்மை எடைக்கும் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். ஒரு மேசை விளக்கின் துணிக்கூடு முக்கால் கிலோகூட இருக்காது. அதை 40க்கு 30க்கு 20 அளவுள்ள பெட்டியில் வைத்தால் 24,000 கன சென்டிமீட்டர், அதாவது 4.8 கிலோ என்று பில் வரும். வாங்கியவர் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்தக் காற்றடைத்த பைக்கு இவ்வளவா?” என்று கேட்கிறார். கூடு மடங்காத பொருள், பெரிய பெட்டி தேவைதான் என்றால் விற்றவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டில் கிடந்த பெட்டி அது ஒன்றுதான் என்பதற்காகச் சிறிய பொருளைப் பெரிய பெட்டியில் போட்டிருந்தால், அந்த வித்தியாசத்தை விற்றவரே விழுங்க வேண்டும். பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

மூன்று புத்தகம் வாங்கி மூன்று அஞ்சல் கட்டணம் கட்டியவருக்கு மூன்றும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தால்? மிச்சத்தைக் கேட்காமலே திருப்பித் தர வேண்டும். இதில் நான் விவாதத்துக்கே தயாரில்லை.

திருப்பி அனுப்புவதில்தான் சிக்கல் முற்றுகிறது. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஹைனே என்றொரு அஞ்சல்வழி விற்பனை நிறுவனம். அனுப்பும் செலவுக்கு 4.95 யூரோ என்று நிலையான தொகை வாங்கியது. வாங்கியவர் மனம் மாறிப் பொருளைத் திருப்பினால் விலையைத் தரும், அந்த 4.95ஐத் தராது. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போய், 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: ஒப்பந்தத்தையே ரத்து செய்கிறபோது முதலில் அனுப்பிய செலவையும் திருப்பித் தர வேண்டும். மறுபடி அனுப்பிவைக்கும் செலவை மட்டும் வாங்கியவரிடம் விடலாம்.

அடுத்த ஆண்டு வந்த ஐரோப்பிய நுகர்வோர் உரிமைச் சட்டம் இதை இன்னும் கூர்மையாக்கியது. நாளைக்கே வேண்டும் என்று வாங்கியவர் விரைவு அஞ்சலைத் தேர்ந்தெடுத்திருந்தால், சாதாரண அஞ்சலின் செலவு மட்டுமே திரும்பக் கிடைக்கும், கூடுதல் தொகை போனது போனதுதான். திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது என்பதை விற்பவர் முன்கூட்டியே சொல்லத் தவறினால், அந்தச் செலவும் விற்பவர் தலையில் ஏறும். என் அளவுகோலைச் சட்டம் எழுதியவர்கள் எங்கேயோ பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது! தவறான பொருளோ உடைந்த பொருளோ வந்தால் பேச்சுக்கே இடமில்லை. போக, வர எல்லாச் செலவும் விற்றவருடையது.

இவ்வளவு தொல்லை எதற்கு, இலவசமாகவே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். பெரிய நிறுவனங்கள் அதைத்தான் செய்கின்றன, செலவை விலைக்குள் புதைத்துவிட்டு. சிறு விற்பனையாளர் அங்கேதான் அடிபடுகிறார். பிரான்ஸில் புத்தகங்களுக்கு நிலையான விலை உண்டு, அதில் 5 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி கூடாது. வீட்டுக்கு அனுப்பும் புத்தகத்தின் விலையில் தள்ளுபடி தரக் கூடாது, இலவசமாகவும் அனுப்பக் கூடாது என்று 2014இல் ஒரு சட்டம் வந்தது. அமேசான் உடனே அனுப்பும் செலவு 1 சென்ட் என்று அறிவித்தது. இலவசம் இல்லை, சட்டமும் மீறப்படவில்லை! இந்த ஓட்டையை அடைக்கப் பிரெஞ்சு அரசுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைவாகப் புத்தகம் வாங்கினால் குறைந்தது 3 யூரோ அனுப்பும் செலவு வாங்கியாக வேண்டும். புத்தகம் விற்கிறவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம், கேட்பவர்கள் கழித்துக்கொள்ளுங்கள்.

இலவசத்தால் வரும் தகராறும் ஒன்று இருக்கிறது. இவ்வளவுக்கு மேல் வாங்கினால் அனுப்பும் செலவு இல்லை என்பார்கள். அந்த எல்லையைத் தொடுவதற்காகவே இன்னொரு பொருளையும் சேர்த்து வாங்கி, வந்தவுடன் அதை மட்டும் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. விற்றவர் பணத்தைத் திருப்பும்போது அஞ்சல் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறார். இலவசம் என்றுதானே சொன்னீர்கள் என்று சண்டை. விதிமுறைப் பக்கத்தில் முன்பே எழுதியிருந்தால் நான் விற்றவர் பக்கம். எழுதாமல் கழித்தால் வாங்கியவர் பக்கம்.

கடைசியாக ஒன்று. பொருள் கைக்கு வந்ததும் பணம் தருகிறேன் என்ற ஏற்பாட்டில், வாசலில் வந்து நிற்கும் பார்சலை வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறவர்கள். விற்றவர் போன செலவையும் திரும்பி வந்த செலவையும் கட்டி, பொருளையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இது புதிய நோய் இல்லை. 1840க்கு முன்னால் பிரிட்டனில் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுபவர்தான் பணம் கட்டினார். தூரத்தைப் பொறுத்தும் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் கட்டணம் ஏறும். வேண்டாம் என்று மறுத்தால், சுமந்து வந்த செலவு முழுவதும் அஞ்சல் துறைக்கே நட்டம். பிரிட்டனின் அஞ்சல் முறையைச் சீர்திருத்திய ரோலண்ட் ஹில் சொன்ன வழி, அனுப்பும்போதே கட்டணத்தை வாங்கிவிடுவது. 1840 மே மாதம் வந்த முதல் அஞ்சல்தலை அதற்கான கருவி.

இப்போது சிறு விற்பனையாளர் சிலர் அதே வழிக்கு வந்திருக்கிறார்கள். பொருளின் விலையை வாசலில் கொடுங்கள், அனுப்பும் செலவை மட்டும் முன்பணமாகக் கட்டிவிடுங்கள் என்கிறார்கள். சந்தேகப்படுகிறார்களே என்று வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அனுப்பச் சொன்னவர் அவர்கள், வாசலில் மறுக்கும் உரிமையையும் கையில் வைத்திருப்பவர்கள் அவர்களே. அந்தச் சிறு தொகையை முன்னதாகக் கேட்பதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வணக்கம்.