வைரத்துக்கு அப்பால் வாங்குபவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள போட்ஸ்வானாவைப் பற்றிப் பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. அந்நாட்டின் தலைநகரான கபரோனேயில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஊர் திரும்பிய பின்னும், உறவினர் வீட்டு நிலவரத்தை விசாரிப்பதுபோல, அந்நாட்டின் வரவுசெலவை ஆண்டு தவறாமல் பார்த்து வருகிறேன்.

அங்கே பணத்தின் பெயர் புலா. செட்ஸ்வானா மொழியில் புலா என்றால் மழை. நாட்டின் பெரும்பகுதியைக் கலஹாரி மணல் மூடிக்கிடக்க, மழைக்கு மேற்பட்ட செல்வம் இல்லை என்று உணர்ந்த மக்கள் 1976இல் தங்கள் நாணயத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பொதுக்கூட்டத்தில் பேசி முடிப்பவர் "புலா!" என்று குரல் கொடுக்க, கூட்டம் முழுவதும் "புலா!" என்று பதில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அந்நாட்டுக்குச் செல்வம் வானத்திலிருந்து வரவில்லை, மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்றாக இருந்த போட்ஸ்வானாவில், மறு ஆண்டே ஒராபா என்ற இடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா, கனிம உரிமைகள் தனித்தனி இனக்குழுக்களுக்குச் சேராமல் நாடு முழுமைக்கும் சேரும்படி சட்டம் செய்தார். ஒராபா அவருடைய சொந்த இனக்குழுவின் நிலப்பகுதியில்தான் இருந்தது என்பதை நினைத்தால் அந்தச் செயலின் பெருமை விளங்கும். 1971இல் ஒராபாவிலும், 1982இல் ஜ்வானெங்கிலும் சுரங்கங்கள் இயங்கத் தொடங்கின. ஜ்வானெங் என்றால் சிறு கற்களின் இடம் என்று பொருள். மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால் உலகிலேயே செழிப்பான வைரச் சுரங்கம் அது. அரசும் டி பியர்ஸ் என்ற பன்னாட்டு வைர நிறுவனமும் சரிபாதியாகப் பங்கு கொண்ட டெப்ஸ்வானா நிறுவனத்தின் வழியே வந்த பணம் சாலையாகவும், பள்ளியாகவும், மருத்துவமனையாகவும் மாறியது. மிஞ்சியதைச் சேமிக்க 1994இல் புலா நிதியம் தொடங்கப்பட்டது.

இதைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனிமத்தை நம்பிய ஆப்பிரிக்க நாடு என்றதும், கொள்ளையும் உள்நாட்டுப் போரும்தான் பலருடைய நினைவுக்கு வருகின்றன. போட்ஸ்வானாவில் அப்படி நடக்கவில்லை. இடைவிடாமல் தேர்தல்களை நடத்தி, கணக்கை ஒழுங்காக எழுதி, வருங்காலத்துக்கும் எடுத்து வைத்த நாடு அது. அவ்வளவும் செய்த பிறகும், அறுபது ஆண்டுகளை நெருங்கும் வேளையில், ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைரமாகவே இருந்தது ஏன்? என்னை நெடுங்காலமாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

என் விடையை ஒரு கணக்குப் பேரேட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் வேலை பார்த்த நிறுவனம் மேசை, நாற்காலி, அலமாரி விற்றது. வரவேண்டிய பாக்கிப் பட்டியலை மாதக் கடைசியில் எடுத்தால், பள்ளிகள், அமைச்சகங்கள், மாவட்ட அலுவலகங்கள் என்று பக்கம் நிறைய அரசின் பெயரே இருக்கும். சீருடை தைப்பவர், கட்டடம் கட்டுபவர், அலுவலகம் துப்புரவு செய்பவர் என்று எனக்குத் தெரிந்த தொழில் முனைவோர் பலருடைய பட்டியலும் அப்படித்தான் இருந்தது. அவர்கள் தனியார்தான், உழைப்பாளிகள்தான். ஆனால் வைரத்தை விற்ற பணம் அரசுக்கு வந்து, அரசு செலவு செய்தால்தான் அவர்கள் கடை நடக்கும். ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் பேரே உள்ள நாட்டில் அரசை விட்டால் வாங்குபவர் யார்? இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன், நேயர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு பொருளைச் செய்யக் கற்பதைவிட, அதை வாங்குபவரை எல்லைக்கு அப்பால் தேடிப் பிடிப்பதே அந்நாட்டில் கடினமான வேலை.

வைரம் சரிந்தால் என்ன ஆகும் என்பது அண்மையில் தெரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் வைரம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. சீனாவில் தேவை குறைந்தது. போட்ஸ்வானாவின் கற்களில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படும் நம் சூரத் நகரிலேயே, அவற்றோடு போட்டியிடும் ஆய்வுக்கூட வைரங்களும் உருவாகின்றன. 2024 ஆகஸ்டில் போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கத்தில் 2,492 காரட் எடையுள்ள மாபெரும் கல் ஒன்று கிடைத்தது. அதே ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கியது. அந்த அக்டோபரில், 1966 முதல் ஆண்ட கட்சி தேர்தலில் தோற்றது; நவம்பரில் டூமா போக்கோ குடியரசுத் தலைவரானார். 2025 ஆகஸ்டில் மருந்துத் தட்டுப்பாட்டுக்காகப் பொதுச் சுகாதார நெருக்கடிநிலை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை சென்றது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. டி பியர்ஸின் கச்சா வைர விற்பனை 2013இல் லண்டனிலிருந்து கபரோனேக்கு மாற்றப்பட்டது. அது நல்ல முன்னேற்றமே. ஆனால் விற்றாலும், பட்டை தீட்டினாலும், அது அதே கல்தான். 1990களில் ஒரு கார் பொருத்தும் தொழிற்சாலை வந்து, வைரத்துக்கு அடுத்த பெரிய ஏற்றுமதிகளில் ஒன்றாக வளர்ந்து, அடுத்த நூற்றாண்டு பிறக்கும் வேளையில் மூடப்பட்டது. அதன் கார்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா என்ற ஒரே அண்டை நாட்டை நம்பியிருந்தன.

காய்கறித் தடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, இஞ்சி என்று பதினாறு வகைக் காய்கறிகளை வெளியிலிருந்து கொண்டுவர அரசு தடை விதித்தது. நான் அங்கிருந்த கடைசி மாதங்கள் அவை. வெங்காயம் கிடைக்காத நாள்களில் எங்கள் வீட்டில் சாம்பாருக்குத் தாளிப்பதே ஒரு யோசனையாகிவிட்டது. லிம்போபோ ஆற்றங்கரையில் டூலி பகுதி விவசாயிகள் கூடுதலாகப் பயிரிட்டார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கதவைச் சாத்தி வைத்து வளர்த்த தொழிலுக்கு, சாத்திய கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டுமே வாங்குபவர்கள். விளைச்சல் பெருகினால் எங்கே கொண்டுபோய் விற்பது? புதிய அரசு அந்தத் தடையைத் தளர்த்தத் தொடங்கியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு இப்போது வருகிறேன்: கசுங்குலா. வடக்கு எல்லையில் ஜாம்பேசி ஆறு ஓடுகிறது. நான்கு வீட்டு வேலிகள் ஒரே மூலையில் முட்டிக்கொள்வதைப் போல, போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே, நமீபியா நான்கும் அங்கே நெருங்கி வருகின்றன. முதல் இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று தொடும் இடம் சுமார் நூற்றைம்பது மீட்டர்தான். 2013இல் அங்கே போனபோது பாலம் இல்லை. பாண்டூன் என்று ஓட்டுநர்கள் சொல்லும் மிதவை மட்டுமே இருந்தது. பெரிய லாரி என்றால் ஒரு தடவைக்கு ஒன்றுதான் அதில் ஏறும். சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் லாரிகள் நின்றன. போட்ஸ்வானாவின் சுவா உப்பளத்திலிருந்து உப்பு மூட்டைகளோடு ஜாம்பியாவின் கிட்வே நகரத்துக்குப் புறப்பட்ட ஓர் ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. சக்கரத்தின் நிழலில் அடுப்பு மூட்டி, சோளமாவுக் களி கிளறிக்கொண்டிருந்தார். இரவில் யானைகள் வந்துவிடும், கீழே இறங்க முடியாது என்றார். தமக்கு நாள் கணக்கில் கூலி இல்லை, நடைக் கணக்கில்தான் என்றும் சொன்னார். அந்த ஐந்து நாளும் எங்கே போகும், நேயர்களே? உப்பின் விலையில்தான் ஏறும். கிட்வேயில் ஒரு வீட்டுக்காரி அந்த உப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, விலை அதிகம் என்று வைத்துவிட்டுப் போனால், சுவாவில் ஒருவருக்கு வேலை இல்லை.

2021 மே 10 அன்று அங்கே பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 923 மீட்டர். ரயில் பாதைக்கும் இடம் உண்டு. ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் ஓரடியும் படாதபடி ஆற்றின் நடுவே வளைந்து செல்கிறது. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் தாள்களைச் சரிபார்க்கும் முறையும் வந்தது. வாங்குபவர் யார் என்ற என் கேள்விக்கு அரசு கொடுத்த மிகச் சிறந்த பதில் அந்தப் பாலம் என்றே கருதுகிறேன். ஒரு தொழிலுக்கு மானியம் தந்தால் அந்த ஒரு தொழில்தான் பிழைக்கும். பாலமோ, நாளை யார் என்ன செய்து விற்க நினைத்தாலும் அவருக்காகக் காத்திருக்கும்.

நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. மாட்டிறைச்சியைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். வைரம் வருவதற்கு முன்பே அந்த மக்களுக்குத் தெரிந்த தொழில் மாடு வளர்ப்பு. ஐரோப்பிய நாடுகள் வரை அந்த இறைச்சி போனது. ஆனால் ஏற்றுமதி உரிமை நெடுங்காலம் லொபாட்சேயில் உள்ள ஓர் அரசு நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. எங்கோ ஒரு மாவட்டத்தில் கோமாரி கண்டால்கூட ஏற்றுமதி தடைப்பட்டது. ஒகவாங்கோ கழிமுகத்தைக் காண வரும் பயணிகளின் பணம் உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு தங்குகிறது என்பதும், ஆப்பிரிக்கக் கண்டம் தழுவிய தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்கீழ் 2021 முதல் திறந்து வரும் சந்தைகளும் என் குறிப்பில் எஞ்சி நிற்கின்றன. கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.